மதினிக்கு வந்த சிவப்புப் பூ

கொச்சி மட்டாஞ்சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தும் எங்கள் மதினிக்கு ஒரு மீனைத் தானாகத் தேர்ந்தெடுக்கத் தெரியாது. மீன்காரச் சேட்டன் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி ஹாரன் அடிப்பார். மதினி சட்டியோடு போய் நிற்பாள். “அயிலையா, மத்தியா சேச்சி?” என்று அவர் கேட்டால் கூடையைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், எதிர் வீட்டு ஜன்னலைப் பார்ப்பாள். கடைசியில் “எது நல்லதோ நீங்களே போடுங்க” என்பாள். அவர் விற்காமல் மிஞ்சியதைப் போடுவார். மதினி அதைக் குழம்பு வைத்துப் பரிமாறும்போது “சேட்டன்தான் குடுத்தாரு” என்று முதலிலேயே சொல்லிவிடுவாள். ருசித்தாலும் சேட்டன், நாறினாலும் சேட்டன்.

சேலை எடுக்கப் போனாலும் இதே கூத்துதான். எர்ணாகுளம் பிராட்வேயில் கடைப் பெண் கடையையே பிரித்துப் போட்டிருப்பாள். மதினி அவளிடமே, “நீ எடுத்தா எதைம்மா எடுப்ப?” என்று கேட்பாள். மதினியின் பீரோவைத் திறந்தால் பிராட்வே கடைப் பெண்களின் ஆசையெல்லாம் வரிசையாகத் தொங்கும். சாயாக்கடையில் “மத்தவங்களுக்கு என்னவோ அதே” என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிங் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க ஆட்கள் இது எனக்கு வேண்டும், அது எனக்கு வேண்டும் என்று சண்டை போடுவதையே அடித்து அடித்துப் பழகிய விரல்கள் என்னுடையவை. வீட்டுக்கு வந்தால் எதுவுமே வேண்டும் என்று சொல்லாத ஒரு மதினி.

மீன், சேலை, சாயா எல்லாம் சில்லறை விஷயங்கள். பெரிய விஷயமென்றால் மதினி பூப்போட்டுப் பார்ப்பாள்.

எங்கள் ஆட்கள் தாத்தாக்கள் காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மிளகுக் கிடங்குகளில் வேலை பார்க்க வந்தவர்கள். வரும்போது ஒரு மாரியம்மனையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். கொச்சங்காடியில் கிடங்குகளுக்கு நடுவே அவளுக்கு ஒரு சின்னக் கோயில் இருக்கிறது. ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் சிவப்புத் தெச்சி. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து நாரால் கட்டி, குலுக்கி, அம்மன் காலடியில் போடுவார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துத் தருவார். வெள்ளை வந்தால் அந்தக் காரியத்தைச் செய்யலாம். சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் கேட்கலாம், வந்ததை மறுக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

மற்ற வீடுகளில் கல்யாணத்துக்கு, வீடு வாங்குவதற்கு என்று எப்போதாவது போய்ப் பூப்போடுவார்கள். எங்கள் மதினி மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை மாற்றுவதற்குப் பூப்போட்டாள். மகனை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்பதற்குப் போட்டாள். ஒருமுறை எல்லோரும் வேன் பிடித்துப் பழனிக்குப் போவதாக இருந்தது. பூ சிவப்பாக வந்தது. அண்ணன் மூட்டை கட்டிய பையைத் திரும்ப அவிழ்த்தான். அதே வேனில் போன பக்கத்துத் தெருக்காரர்கள் வழியில் வண்டி படுத்து ஒரு நாள் முழுக்க ரோட்டோரம் வெயிலில் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். பிறகு மதினியின் பூவுக்கு எங்கள் தெருவில் ஏறிய மவுசைக் கேட்க வேண்டாம். பூசாரியே மதினியைக் கண்டால் எழுந்து நிற்பார்.

இந்தப் பூவினால் எனக்கு ஒரு கணக்கு பாக்கி உண்டு. அதைச் சொல்லாமல் மதினியைப் பற்றிச் சொல்ல முடியாது.

எனக்குத் தேவராவிலிருந்து ஒரு வரன் வந்தது. கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர் வேலை. பெண் பார்க்க வந்தவர் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு, தானே முதல் ஆளாகச் சிரித்தார். தன்னைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பதற்கு முன் தானே சிரித்துக்கொள்கிற ஆம்பிளையை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்குப் பிடித்துப்போயிற்று. அம்மா அப்போது இருந்தாள். “உன் மதினி போய்ப் பூப்போட்டுப் பாக்கட்டும்” என்றாள். மதினி போனாள். சிவப்பு. அதோடு முடிந்தது. அவர் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார். அப்புறம் வந்த வரன்கள் ஒன்றும் எனக்கு ஒட்டவில்லை. அதற்காக நான் அழுது வடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று நினைக்க வேண்டாம். நன்றாகத்தான் இருந்தேன், இருக்கிறேன். ஆனால் மதினி கோயிலுக்குக் கிளம்பும்போதெல்லாம் என் வாய் சும்மா இருக்காது. “இன்னைக்கு யார் தலையில சிவப்பு?” என்று கேட்பேன். மதினி பூக்கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிடுவாள்.

மகன் கோயம்புத்தூரில் வேலைக்குப் போன பிறகு வீட்டில் அண்ணன், மதினி, நான் மூன்று பேர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அடுக்களையில் கப்பைக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தேன். மதினி குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து கதவைச் சாத்தினாள்.

“ஏட்டி, கையைக் கழுவிட்டு வா. இங்க கொஞ்சம் தொட்டுப் பாரு.”

இடது மார்பின் ஓரத்தில், அக்குளுக்குப் பக்கத்தில் என் விரலைப் பிடித்து வைத்தாள். உள்ளே புளியங்கொட்டை மாதிரி ஒன்று இருந்தது. அழுத்தினால் நகரவில்லை. அந்த நேரத்திலும் என் வாய் என்ன கேட்டது தெரியுமா? “இதுக்கும் போய்ப் பூப்போடப் போறீங்களா?” என்று கேட்டது.

மதினி என்னை ஒரு பார்வை பார்த்தாள். “ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு யாராவது பூப்போடுவாங்களா? லூசு. நாளைக்கு லீவு போடு.”

எர்ணாகுளத்தில் ஆஸ்பத்திரி. படகுத்துறை ஜெட்டியில் போட் ஏறிப் போனோம். ஸ்கேன், ஊசி குத்தி எடுத்த சதை, அதற்கு முடிவு வர ஒரு வாரக் காத்திருப்பு. அந்த வாரம் மதினி வீட்டைக் கழுவிக்கொண்டே இருந்தாள். அண்ணன் கிடங்குக்குப் போவதும் வருவதுமாக இருந்தான். நான் யாரையாவது திட்டிக்கொண்டிருந்தேன். பால்காரரிடம்கூடச் சண்டை போட்டேன்.

முடிவு வந்தது. கேன்சர்தான்.

டாக்டர் ஒரு பெண். மலையாளி, நன்றாகத் தமிழ் பேசுவார். ஒரு தாளில் மார்பைப் படமாக வரைந்து காட்டிப் பொறுமையாகச் சொன்னார். சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டோம், கட்டி சின்னது. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சத்தையும் மட்டும் எடுத்துவிட்டு, பிறகு சில வாரங்கள் தினமும் வந்து கதிர்வீச்சு, எங்கள் பேச்சில் கரண்ட், வைத்துக்கொள்வது. இன்னொன்று, மார்பை முழுவதும் எடுத்துவிடுவது. முதல் வழியில் எடுத்த இடத்தின் விளிம்பு சுத்தமாக இல்லாவிட்டால் இன்னொரு தடவை அறுக்க வேண்டி வரலாம், அதே இடத்தில் திரும்ப வரும் வாய்ப்பும் ஒரு பொடி கூடுதல். “ஆனா ஆயுசைப் பொறுத்தவரை உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். இதுல நல்லது, அதுல கெட்டதுன்னு நான் சொல்லமாட்டேன். நீங்கதான் தீர்மானிக்கணும்” என்றார்.

யாரிடம் போய் எதைச் சொல்கிறார் இந்த அம்மா என்று நினைத்தேன். நான் நினைத்து முடிப்பதற்குள் மதினி கேட்டேவிட்டாள்.

“டாக்டர், உங்களுக்கே வந்திருந்தா நீங்க எதைச் செய்வீங்க?”

டாக்டர் சிரித்தார். “எனக்கு வந்தா நான் எனக்கு வேணுங்கிறதைச் செய்வேன் சேச்சி. இது உங்க சரீரம் அல்லே? இன்னிக்கே சொல்லணும்னு இல்ல. வீட்டுக்குப் போய் ஆலோசிங்க. அடுத்த வாரம் சொன்னாப் போதும், அதனால ஒரு கேடும் வராது.”

திரும்பும்போது போட்டில் மதினி என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தாள். “நீ சொல்லு. வக்கீல் ஆபீஸ்ல இருக்கிறவதானே” என்றாள். நான் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதுதான் நிஜம். முழுதாக எடுத்துவிட்டால் பயம் குறையும் என்று ஒரு நிமிஷம் தோன்றும். அடுத்த நிமிஷம், என்னுடையதாக இருந்தால் கொடுப்பேனா என்று தோன்றும். டாக்டர் இரண்டில் ஒன்று மோசம் என்றிருந்தால் எவ்வளவு சுலபமாகப் போயிருக்கும்!

அந்த வாரம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அபிப்பிராயம் இருந்தது. அண்ணன் முழுசாக எடுத்துவிடலாம் என்றான். “எதுக்கு வச்சுக்கிட்டு? பயந்துகிட்டே இருக்கணும். எடுத்தா நிம்மதி” என்றான். அவனுக்கு அவள் உயிரோடு இருக்க வேண்டும், அதைத் தாண்டி அவனுக்கு ஒன்றும் தெரியாது. பாவம். பக்கத்து வீட்டுச் சேச்சி கத்தியே வைக்கக் கூடாது, ஒரு வைத்தியர் பச்சிலை தருகிறார் என்றாள். மதினி முகத்தைக்கூட மாற்றாமல், “அதுக்கில்ல சேச்சி, ஆபரேஷன் உண்டு. எதுங்கிறதுதான் கேள்வி” என்றாள். கோயம்புத்தூரிலிருந்து மகன் போனில், “அம்மா, உனக்கு எது வேணுமோ அது” என்றான். போனை வைத்துவிட்டு மதினி என்னிடம் வந்து, “எல்லாரும் இதையே சொல்றாங்க. எனக்கு எது வேணும்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள். கண் நிறைந்திருந்தது. பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை, கேட்கிற நாளில் இப்படியொரு கேள்வியாக வந்து நிற்கிறது.

மறுநாள் காலை மதினி நந்தியாவட்டை பறித்துக்கொண்டிருந்தாள்.

நான் கூடவே போனேன். கோயிலில் வேறு யாரும் இல்லை. மதினி பூசாரியிடம் கேள்வியைச் சொல்லவில்லை, அம்மனிடம் மட்டும் சொல்லிக்கொண்டாள். என்ன கேட்டாள் என்று வழியிலேயே என்னிடம் சொல்லியிருந்தாள். மார்பை வைத்துக்கொள்ளலாமா? வெள்ளை வந்தால் கட்டி மட்டும். சிவப்பு வந்தால் முழுவதும். பூசாரி குலுக்கிப் போட்டார். கண்ணை மூடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மதினி அதைப் பிரிக்காமல் என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிப் பிரித்துக் கொடுத்தேன்.

சிவப்பு.

மதினி அந்தத் தெச்சிப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கும்பிடவில்லை. திருநீறு வாங்கிக்கொள்ளவில்லை. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணனிடம் “சிவப்பு” என்றேன். அண்ணன் மேலே பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். அவன் நினைத்தது நடந்துவிட்டது. மதினி அவனுக்கு இட்லி எடுத்து வைத்தாள், சட்னி ஊற்றினாள், கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எனக்கு இது வேண்டாம்” என்றாள்.

அண்ணனுக்குப் புரியவில்லை. “எது? சட்னியா?”

“முழுசா எடுக்கிறது. எனக்கு வேண்டாம். கட்டியை மட்டும் எடுத்துட்டு நான் கரண்ட் வச்சுக்கிறேன்.”

“சிவப்பு வந்திருக்கேடி!”

“வந்துச்சு. பாத்தேன். வெள்ளையா இருக்கணும் தாயேன்னுதான் நின்னுட்டிருந்தேன். அவ தரல. தரலைன்னா என்ன? எனக்கு வேணுமே. குளிக்கும்போது குனிஞ்சு பாத்தா நான் முழுசா இருக்கணும். டாக்டர் ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லாம இருந்திருந்தா நான் மூச்சுக் காட்டாம எடுத்துக்குங்கன்னு குடுத்திருப்பேன். ஒண்ணுன்னுதானே சொல்றாங்க? பின்னே எனக்கு வேணுங்கிறதை நான் வச்சுக்கக் கூடாதா?”

இந்த இடத்தில் நான் மதினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நான் அப்படிச் செய்யவில்லை. எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. இத்தனை வருஷம் வயிற்றுக்குள் கிடந்ததெல்லாம் அந்த இட்லிப் பாத்திரத்தின் முன்னால் வெளியே வந்தது.

“அப்ப எனக்கு மட்டும் ஏன் மதினி? எனக்குச் சிவப்பு வந்தப்ப அம்மன் வாக்கு, மாத்தக் கூடாதுன்னீங்க. உங்களுக்கு வந்தா மட்டும் வேண்டாம்பீங்களா? உங்க உடம்புன்னா உடம்பு, என் வாழ்க்கைன்னா கிள்ளுக்கீரையா?”

அண்ணன், “ஏய், இப்பப் போய்...” என்று அதட்டினான். மதினி கையை நீட்டி அவனை நிறுத்தினாள். அவள் அவனை நிறுத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“உனக்கு அந்தப் பையனைப் பிடிச்சிருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்” என்றாள் மதினி. “தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன். நாளைக்கு அவன் குடிச்சாலோ, கை நீட்டினாலோ, அத்தை என்னைத்தானே சொல்லுவாங்க? மதினி சொல்லித்தான் குடுத்தோம்னு. பூ சொன்னா பூவைச் சொல்லிட்டுப் போவாங்க. இந்த வீட்ல குழம்பு கரிச்சாக்கூட ‘யாரு சொன்னது இந்த மீனை வாங்க’ன்னுதான் முதல் கேள்வி வரும். வந்ததில்லையா? நான் கல்யாணமாகி வந்த மறுவாரமே வந்துச்சு. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இங்க நான் எதையும் சொல்லக் கூடாதுன்னு.”

அது எங்கள் அம்மாவின் கேள்வி. எங்கள் வீட்டில் எல்லோர் வாயிலும் அந்தக் கேள்வி உண்டு.

“உனக்காக அன்னைக்கு அம்மன்கிட்ட நான் சண்டை போட்டிருக்கணும். போடலடி. தப்புதான். இப்ப எனக்காகப் போடறேன். அதுக்காக நீ என்னைத் திட்டினா திட்டிக்கோ.”

அப்புறம் திட்ட எங்கே முடிகிறது? மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். மதினியும் அழுதாள். அண்ணன் நடுவில் உட்கார்ந்துகொண்டு, “தப்பாப் போச்சுன்னா?” என்று கேட்டான். அவனுக்குப் பயம். திரும்பத் திரும்ப அதையே கேட்டான்.

“போச்சுன்னா நான் சொல்லித்தான் செஞ்சோம்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க. என் பேரைச் சொல்லியே சொல்லுங்க” என்றாள் மதினி.

அடுத்த வாரம் டாக்டரிடம் போனபோது மதினி கேட்ட கேள்விகளைப் பார்க்க வேண்டுமே! விளிம்பு சுத்தமில்லை என்றால் எப்போது திரும்ப அறுப்பீர்கள்? அப்போது முழுசாக எடுக்க வேண்டி வந்தால் என்னிடம் சொல்லிவிட்டுத்தானே செய்வீர்கள்? கரண்ட் வைக்கும் நாட்களில் போட்டில் வரலாமா, பஸ்தானா? டாக்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அண்ணன் கடைசி நேரத்தில், “இன்னொரு தடவை யோசிக்கச் சொல்லுங்க டாக்டர்” என்று கெஞ்சினான். டாக்டர் பேனாவைப் பிடித்தபடி மூன்று பேரையும் பார்த்தார்.

“யோசிச்சாச்சு டாக்டர்” என்றேன் நான். “அவங்க சொல்லிட்டாங்க. எழுதுங்க.”

“நீங்க சேச்சிக்கு யாரு?”

“பைஸ்டாண்டர்.”

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருப்பவருக்கு அதுதான் பெயர். சும்மா பக்கத்தில் நிற்கிற ஆள் என்றுதான் அர்த்தம். எனக்கு அன்றைக்கு அந்தப் பெயர் ரொம்பப் பெரிதாக இருந்தது. ஆனால் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு ஓரத்தில் இருந்தது. அதை வைத்துக்கொண்டேதான் மதினியின் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

வார்டில் அடுத்த கட்டிலில் வைப்பின் தீவிலிருந்து வந்த ஒரு சேச்சி இருந்தாள். மதினிக்குச் சொன்ன அதே இரண்டு வழிகளைத்தான் அவளுக்கும் சொல்லியிருந்தார்கள். அவள் யாரையும் கேட்காமல் முழுசாக எடுத்துவிடச் சொல்லிவிட்டாளாம். “எனிக்குச் சமாதானமாயிட்டு உறங்ஙணும்” என்றாள். நிம்மதியாகத் தூங்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. இரண்டு பேரும் ஒருவர் முடிவை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். ஒருவருக்கொருவர் புத்தி சொல்லாமல் ஆளுக்கு ஒரு ஆரஞ்சை உரித்துத் தின்றார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆபரேஷன் ஆனது. அறுத்த சதையின் முடிவு வரும்வரை இன்னொரு காத்திருப்பு. அந்த நாட்களில் அண்ணனைவிட நான்தான் ஆடிப்போனேன். விளிம்பு சுத்தமில்லை என்று வந்துவிட்டால்? பூவை மீறியதால்தான் என்று தெருவே சொல்லும். பூசாரிக்குக்கூட விஷயம் எட்டிவிட்டிருந்தது. பூவையும் வாக்கையும் நம்பாத நான், ஒருநாள் ஆபீஸ் விட்டு வரும் வழியில் கோயில் வாசலில் நின்று, “அவ மேல கோபப்படாதே, என் மேல வேணா படு” என்று சொல்லிவிட்டு வந்தேன். இதை மதினியிடம் இதுவரை சொன்னதில்லை.

முடிவு நல்லபடியாக வந்தது. விளிம்பு சுத்தம். அக்குளில் எடுத்துப் பார்த்த நெறிக்கட்டிகளிலும் ஒன்றுமில்லை. கரண்ட் முடிந்ததும் சில வருஷங்களுக்குத் தினம் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை என்றார் டாக்டர்.

“அப்ப இனி வராதுல்ல?” என்று அண்ணன் கேட்டான்.

“வராதுன்னு நான் வாக்குத் தரமாட்டேன் சேட்டா. வராம இருக்கத்தான் சாத்தியம் அதிகம். வந்தா சீக்கிரம் பார்ப்போம், பார்த்தா செய்ய வழி இருக்கு.”

அண்ணன் முகம் விழுந்துவிட்டது. மதினிதான், “போதும் டாக்டர்” என்றாள்.

கரண்ட் வைத்த வாரங்களைப் பற்றிக் கதையாக ஒன்றுமில்லை. வெறும் அலுப்புதான். தினமும் போட், தினமும் வரிசை, உள்ளே கொஞ்ச நேரம், திரும்பப் போட். கடைசி வாரங்களில் தோல் கறுத்து எரிய ஆரம்பித்தது. மதினி உள்ளே தளர்வான பழைய பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு வருவாள். ஒரு சாயங்காலம் ஜெட்டியில் போட்டுக்கு நிற்கும்போது வலி பொறுக்காமல், “முழுசா எடுத்திருந்தா இதெல்லாம் இல்ல, அல்லே?” என்றாள்.

என் நாக்கின் நுனியில் எங்கள் வீட்டுக் கேள்வி வந்து நின்றது. யாரு சொன்னது? கடித்துக்கொண்டேன்.

மதினியே, “சாரமில்ல, பரவால்ல. நான்தானே சொன்னேன்” என்றாள். சொல்லிவிட்டு வலியோடு லேசாகச் சிரித்தாள். போட் வந்தது. ஜன்னலோரம் இடம் காலியாக இருந்தது. என்னைக் கேட்காமல் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அண்ணன் ஓய்வு பெற்றதும் அவர்கள் இருவரும் மகனோடு இருக்கக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார்கள். வீட்டில் இப்போது நான் மட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கே பரிசோதனை நடக்கும். அதற்கு முந்தைய வாரம் மதினியின் குரல் போனில் மெலிந்துவிடும், எனக்கும் சாதம் இறங்காது. முடிவு வந்ததும் “ஒண்ணுமில்லன்னுட்டாங்கடி” என்று கூப்பிடுவாள். அடுத்த ஆறு மாதத்துக்கு இரண்டு பேரும் மூச்சு விடுவோம். இப்படியே வருஷங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. முதலில் இதெல்லாம் ஒரு வாழ்க்கையா என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. எல்லோருக்கும் இப்படித்தான் போலிருக்கிறது. மதினிக்குப் பயப்பட வேண்டிய நாளைத் தேதி போட்டுச் சொல்லியிருக்கிறார்கள், மற்றவர்களுக்குச் சொல்லவில்லை.

போன பரிசோதனை முடிந்த கையோடு மதினி என்னை வரச் சொன்னாள். மகன் புது வீடு வாங்கியிருந்தான். கதவைத் திறந்ததும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். முன்னறைச் சுவர் நான்கும் கத்திரிப்பூ நிறம். லேசான கத்திரிப்பூ இல்லை, முற்றிய, கண்ணைக் குத்துகிற கத்திரிப்பூ. அதற்கு மஞ்சளில் ஒரு கரை வேறு. மகன் ஒரு மூலையில் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அண்ணன், “நான் ஒண்ணும் சொல்லல” என்று பார்வையாலேயே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். பெயிண்டர் அட்டையில் எத்தனையோ நிறம் காட்டினாராம். அவரே வெள்ளைதான் நல்லாயிருக்கும் என்றாராம்.

“எப்படி இருக்கு?” என்று கேட்டாள் மதினி.

எனக்குப் பொய் சொல்ல வராது. “கண்ணராவியா இருக்கு மதினி.”

மதினி சுவரைத் திரும்பிப் பார்த்தாள். தலையைச் சாய்த்து நன்றாகப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, சோபாவில் போய் விழுந்து சிரித்தாள்.

“ஆமாடி, அசிங்கமாத்தான் இருக்கு” என்றாள். “யாரு சொன்னதுன்னு கேளேன்.”

“யாரு சொன்னது?”

“நான்!” என்றாள் மதினி.